வினையை யார் அறுப்பது? ரோல்பிளே ஆட்டங்களில் அறத் தேர்வும் அதன் விளைவும்

அமெரிக்காவின் டிஎஸ்ஆர் நிறுவனம் 1979இல் ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்றொரு சாகசப் புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர் கேரி கைகாக்ஸ். நாகரிகத்தின் விளிம்பில் ஒரு கோட்டை. அதற்குச் சற்றுத் தொலைவில், கோப்ளின், கோபோல்டு, ஓர்க் என்று மனிதரல்லாத கூட்டங்கள் வாழும் குகைகள். எந்தக் குகையில் எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம், பையில் எவ்வளவு காசு என்று புத்தகம் கணக்காகச் சொல்கிறது. சில குகைகளில் சண்டைக்கு வராத குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதையும் அதே தொனியில் குறித்துவிட்டுப் போகிறது. அவர்களை என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டல் கிடையாது. கதவை உடைத்து உள்ளே நுழைந்து, எதிர்த்து வந்த பெரியவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த ஆட்டக்காரர்கள், மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் குட்டிகளைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். விட்டுவிட்டால் நாளை வளர்ந்து கோட்டையைத் தாக்குமே என்கிறார் ஒருவர். கைக்குழந்தையை வெட்டுவதா என்கிறார் இன்னொருவர். பிறகு எல்லோரும் ஆட்டத்தை நடத்துபவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவர் என்ன செய்ய வேண்டும்? டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்ற கலை வடிவம் பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. இதற்கு வந்த பதில்களை வரிசையாகப் படித்தால் இந்த வடிவம் எப்படி முதிர்ந்தது என்பதே புரிந்துவிடும்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், அதன் மனிதர்கள், வானிலை, எதிரிகள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்கிறார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. இப்படியே வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில், ஒரு கதை வளர்கிறது. கணினி விளையாட்டிலும் அறத் தேர்வுகள் உண்டு. ஆனால் அங்கே எந்தத் தேர்வுக்கு எந்த விளைவு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. எழுதாத ஒன்றை ஆட்டக்காரரால் செய்யவே முடியாது. மேசையில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அதன் விளைவை எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அந்தக் கணத்தில் யோசித்துச் சொல்லியாக வேண்டும். அவரே இயற்கை, அவரே ஊர்மக்கள், அவரே நீதிபதி. இத்தனை அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருப்பதுதான் பிரச்சினையின் வேர்.

முதல் பதில் ஒரு முத்திரையாக வந்தது. கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்று அணிகளில் ஒன்றைச் சேர்ந்தது. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் மிகுபுனைவுக் கதைகளிலிருந்து வந்த கருத்து இது. தொடக்கத்தில் இது அறம் பற்றியதே அல்ல; போரில் யார் எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். 1976இல் கைகாக்ஸ் நன்மை, தீமை என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1978இல் வந்த மேம்பட்ட பதிப்பின் கையேட்டில் இரண்டு அச்சுகளும் குறுக்கிட்டு ஒன்பது கட்டங்களாயின. ‘அலைன்மென்ட்’ என்று ஆட்டக்காரர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான்.

1979இல் வந்த கேம் மாஸ்டர் கையேடு இதற்குப் பல் முளைக்க வைத்தது. ஒவ்வொரு பாத்திரமும் நடந்துகொள்ளும் விதத்தைக் கேம் மாஸ்டர் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வர வேண்டும். பாத்திரம் தன் கட்டத்தை விட்டு நகர்ந்துவிட்டால் உடனடியாக ஒரு லெவல் போய்விடும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த அனுபவம் ஒரு தீர்ப்பில் கரைந்துவிடும். இந்த ஏற்பாட்டின் கொடுமை முழுவதையும் அனுபவித்தது பாலடின் என்ற புனித வீரர் வகை. பாலடின் தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் அவருடைய சிறப்பு ஆற்றல்கள் பறிபோகும். எது தீய செயல் என்று முடிவெடுப்பவர் கேம் மாஸ்டர். விளைவு, அந்தக் குகைக் குழந்தைகள் பாலடினைச் சிக்கவைக்கும் பொறியாக மாறினார்கள். கொன்றால் அப்பாவியைக் கொன்ற பாவம். விட்டால் தீமையை வளரவிட்ட பாவம். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் போனாலும் வீழ்ச்சி. இப்படி ஒரு பொறியை வைத்துவிட்டு அதற்கு அறச் சிக்கல் என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியாது. இரண்டு வாசலையும் அடைத்துவிட்டு ஒருவனை வழி தேடச் சொல்வதில் அறம் எங்கே இருக்கிறது?

இந்த முறையின் அடிப்படைக் கோளாறு, விளைவு கதைக்குள்ளிருந்து வராமல் கதைக்கு வெளியிலிருந்து வருவது. கொல்லப்பட்டவனின் தம்பி பழிவாங்க வரவில்லை. ஊர் முகம் திருப்பவில்லை. பாத்திரத்தின் உறக்கம் கெடவில்லை. மேசைக்கு எதிரே இருப்பவர் தன் சொந்த நல்லது கெட்டதை அளவுகோலாக வைத்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார். ஆட்டக்காரர் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: நடத்துபவருக்கு எது பிடிக்கும் என்று கணித்து நடப்பது. விளைவு வேறு, தண்டனை வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இந்தத் துறைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

புரிந்துகொண்டதன் தடயம் பின்வந்த பதிப்புகளில் தெரிகிறது. 2008இன் நான்காம் பதிப்பு ஒன்பது கட்டங்களை ஐந்தாகச் சுருக்கியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆனால் விதிகளில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பாலடின் தானே ஏற்கும் சபதம்தான் முக்கியம் என்றாயிற்று. இதே குடும்பத்தில் பிறந்த ‘பாத்ஃபைண்டர்’ 2023இல் தன் திருத்தப் பதிப்பில் அலைன்மென்ட்டை அடியோடு எடுத்துவிட்டது.

இரண்டாவது வகைப் பதில் அளவுமானி. தீர்ப்பை வெளியிலிருந்து சொல்லாமல், பாத்திரத்தின் உள்ளே ஓர் எண்ணை வைத்துவிடுவது. 1987இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தில் தீச்செயலுக்கு இருட்புள்ளிகள் உண்டு. புள்ளி ஏறும்போதெல்லாம் ஒரு பகடையை உருட்ட வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக விழுந்தால் பாத்திரம் இருளின் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் அது ஆட்டக்காரருடையது அல்ல, கேம் மாஸ்டருடையது. அந்தத் திரைப்பட உலகுக்கு இது பொருத்தமாகவே இருந்தது. டோல்கீனின் உலகில் அமைந்த ‘தி ஒன் ரிங்’ (2011) ஆட்டமும் பொய், திருட்டு, கொலை போன்றவற்றுக்கு நிழல் புள்ளிகளைத் தருகிறது.

இந்த வகையில் ஆழமாகப் போனது 1991இல் மார்க் ரைன்ஹேகன் உருவாக்கிய ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’. ஆட்டக்காரர்களே இரத்தம் குடிக்கும் காட்டேரிகள். ஒவ்வொருவருக்கும் ‘ஹியுமானிட்டி’ என்ற அளவு, பத்துவரை. பழைய பதிப்புகளில் இதற்கொரு பாவப் படிக்கட்டு இருந்தது. ஏழில் இருக்கும் பாத்திரம் திருடினால் மனசாட்சியைச் சோதிக்கும் பகடையை உருட்ட வேண்டும். தோற்றால் ஒரு படி இறங்கும். மூன்றில் இருக்கும் பாத்திரத்துக்குத் திருட்டு ஒரு பொருட்டே அல்ல. திட்டமிட்ட கொலைக்குத்தான் பகடை. அதாவது மனிதத்தை இழக்க இழக்க, இழப்பது வலிக்காமல் போகிறது. ஒரு மனிதர் படிப்படியாகக் கெட்டுப்போவதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன விதி அதற்கு முன் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பூஜ்யத்தில் பாத்திரம் வெறும் மிருகம், ஆட்டக்காரரிடமிருந்து போய்விடும்.

ஆனாலும் எண்ணுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. அது விலைப்பட்டியலாக மாறிவிடும். “இன்னும் ரெண்டு பாயின்ட் பாக்கி இருக்கு, இவனைக் கொன்னுடலாம்” என்று ஆட்டக்காரர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டால் அறம் அங்கே முடிந்துவிட்டது. ‘வாம்பயர்’ ஆட்டத்தின் 2018 ஐந்தாம் பதிப்பு இதைச் சரிசெய்ய முயன்றது. எல்லோருக்கும் பொதுவான பாவப் பட்டியல் போய், எது மீறக்கூடாதது என்று குழுவே ஆட்டத்துக்கு முன் பேசி முடிவு செய்கிறது. ஒவ்வொரு காட்டேரியின் மனிதத்தையும் பிடித்துவைத்திருக்க உயிருள்ள சில மனிதர்கள் உண்டு: ஒரு தங்கை, ஒரு பழைய காதலன், ஒரு ஆசிரியர். அவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பாத்திரத்தின் உள்ளமும் ஆட்டம் காணும். எண்ணைப் பெயருள்ள ஓர் ஆளோடு கட்டிப்போட்டதும் விலைப்பட்டியல் மனநிலை பெருமளவு தளர்ந்துவிடுகிறது.

அளவுமானிகளில் என் மனத்துக்கு நெருக்கமானது கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பெண்ட்ராகன்’ (1985). ஆர்தர் மன்னரின் வீரர்கள் பற்றிய ஆட்டம். பதின்மூன்று இரட்டைக் குணங்கள்: கருணை–கொடூரம், தாராளம்–சுயநலம், நேர்மை–வஞ்சகம் என்று போகும். ஒவ்வோர் இரட்டையின் கூட்டுத்தொகையும் இருபது. கருணை பதினைந்து என்றால் கொடூரம் ஐந்து. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சோதனையான கட்டத்தில் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். பாத்திரம் கருணை காட்டுமா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டக்காரரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகப் பலர் இதைக் குறை கூறுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பத்து ஆண்டுகள் இரக்கமில்லாமல் வாழ்ந்தவன் பதினொன்றாம் ஆண்டில் நினைத்த மாத்திரத்தில் இரக்கம் காட்ட முடியுமா? பழகிய செயல் குணமாகிறது, குணம் அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது. மேலும் இந்த ஆட்டத்தில் வழக்கமாக ஒரு சாகசத்துக்கு ஓர் ஆண்டு கழிகிறது. குளிர்காலம்தோறும் திருமணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் கணக்காகிறது. பாத்திரம் இறந்தால் மகனை எடுத்துக்கொண்டு ஆட்டம் தொடரும். அப்பன் சம்பாதித்த பகை மகன் வாசலில் வந்து நிற்கும். விளைவு ஒரு தலைமுறையைத் தாண்டிப் போக முடியும் என்பதை விதியாகவே வைத்தது அசாத்தியமான துணிச்சல்.

மனத்துக்கு நேரும் சேதத்தைக் கணக்கெடுத்த ஆட்டங்கள் தனி மரபு. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ (1981) இதைத் தொடங்கியது. ஆனால் அங்கே மனம் சிதைவது பெரும்பாலும் பார்த்ததால், செய்ததால் அல்ல. ஜான் டைன்ஸும் கிரெக் ஸ்டோல்ஸியும் எழுதிய ‘அன்னோன் ஆர்மீஸ்’ (1998) இதைப் பகுத்துப் பார்த்தது. வன்முறை, தனிமை, கையறுநிலை போன்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு விதமாகக் கெடலாம், உடைந்துபோகலாம் அல்லது மரத்துப்போகலாம். மரத்துப்போவதும் ஒரு காயம்தான் என்று விதியே ஒப்புக்கொள்கிறது.

‘டெல்டா கிரீன்’ ஆட்டத்தின் 2016 பதிப்பு இன்னும் ஓர் அடி போனது. பாத்திரங்கள் அமெரிக்க அரசின் இரகசிய வேலை செய்பவர்கள். ஒவ்வொருவருக்கும் மனைவி, மகள், பழைய நண்பன் என்று சில உறவுகள். ஒவ்வோர் உறவுக்கும் ஒரு மதிப்பு. பணியில் பயங்கரமான ஒன்றைப் பார்த்தோ செய்தோ மனம் சிதறும்போது, ஆட்டக்காரர் அந்தச் சேதத்தில் ஒரு பகுதியை ஓர் உறவின்மீது இறக்கிவைக்கலாம். மனம் தப்பிக்கும், உறவின் மதிப்பு அதே அளவு குறையும். பிறகு பணி முடிந்து வீடு திரும்பும் காட்சியை ஆடியாக வேண்டும். மேசையில் இது நடக்கும்போது பார்க்க வேண்டும். சாட்சியைச் சுட்டுக் கொன்ற ஏஜென்ட், மகளின் பிறந்தநாளுக்கு மூன்று நாள் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறார். கதவைத் திறக்கும் மனைவியாகப் பேசுவது கேம் மாஸ்டர். “சாப்பிட்டாச்சா?” என்று மட்டும் கேட்கிறாள். எந்தத் தீர்ப்பும் சொல்லப்படவில்லை. மேசையிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். லெவலைக் குறைத்த பழைய விதியால் இந்தக் கனத்தை ஒருநாளும் கொண்டுவர முடிந்ததில்லை.

இந்தக் கேள்வியையே மையமாக வைத்து எழுதப்பட்ட ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது வின்சென்ட் பேக்கரின் ‘டாக்ஸ் இன் தி வின்யார்ட்’ (2004). பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில், மோர்மன் சமூகத்தை ஒத்த ஒரு விசுவாசிகளின் நாடு. பாத்திரங்கள் இளவயதுத் தீர்ப்பாளர்கள். குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பாவத்தை வேரறுப்பது அவர்கள் கடமை. கையில் மறைநூல், இடுப்பில் துப்பாக்கி. கேம் மாஸ்டர் ஊரை உருவாக்கும் முறையே ஒரு பாடம்: ஒருவரின் செருக்கில் தொடங்கி, அது அநீதியாகி, அநீதி பாவமாகி, பாவம் போலிப் போதனையாகி, வெறுப்பும் கொலையும் வரை போகும் சங்கிலி. ஊருக்கு வரும் தீர்ப்பாளர்களிடம் ஆளாளுக்கு ஒன்றைக் கேட்பார்கள். கணவனை விட்டு ஓடிவந்த பெண்ணை மறைத்துவைத்திருக்கும் தமையன் ஒன்று கேட்பான்; கணவன் வேறொன்று கேட்பான்; ஊர்த் தலைவர் மூன்றாவதாக ஒன்று.

இங்கேதான் பேக்கர் பழைய மரபை உடைத்தார். சரியான விடை எது என்று கேம் மாஸ்டர் தன் மனத்திலும் வைத்திருக்கக் கூடாது. தீர்ப்பாளர்கள் என்ன தீர்ப்புச் சொல்கிறார்களோ அதுதான் தீர்ப்பு. மேலே இருந்து யாரும் திருத்த வரமாட்டார்கள். அப்படியானால் விளைவு? அது மோதலின் விதிக்குள் இருக்கிறது. மோதல் வாய்ப்பேச்சில் தொடங்கும். பேச்சில் தோற்கும் நிலை வந்தால் விட்டுக்கொடுக்கலாம். அல்லது கைகலப்புக்குப் போகலாம். அதிலும் தோற்றால் துப்பாக்கியை உருவலாம். ஒவ்வொரு படிக்கும் புதுப் பகடைகள் கிடைக்கும், எனவே ஏற ஆசை வரும். ஆனால் வாங்கும் அடியும் மாறுகிறது. பேச்சில் பட்ட அடிக்கு நாலு பக்கப் பகடை. இரண்டு பெரிய எண்களைக் கூட்டினாலும் எட்டைத் தாண்டாது. துப்பாக்கிக்குப் பத்துப் பக்கப் பகடை. கூட்டுத்தொகை இருபதுவரை போகலாம், உயிருக்கே ஆபத்து. ஆக, மேசையில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த விஷயத்துக்காக இந்த மனிதனைச் சுடத் தயாரா? தயார் என்றால் சுடு. சுட்டபின் அவன் மனைவி கதவருகே நிற்கிறாள். அந்த அடிகளால் பாத்திரம் எப்படி மாறியது என்பதையும் ஆட்டக்காரரே எழுதிக்கொள்கிறார். அடுத்த ஊரைத் தயாரிக்கும்போது கேம் மாஸ்டர் சென்ற தீர்ப்பை எடுத்துவைத்துக்கொள்வார். சென்ற ஊரில் திருடனை மன்னித்தீர்களா? இந்த ஊரில் திருடியவன் ஒரு குழந்தையின் மருந்தைத் திருடியிருக்கிறான். தண்டனை ஏதுமில்லை, நீங்கள் சொன்னதில் நீங்களே எவ்வளவு தூரம் நிற்பீர்கள் என்ற சோதனை மட்டும். என் கணிப்பில் இந்தத் துறையின் சிந்தனையை இரண்டாகப் பிளந்த ஆட்டம் இது.

மூன்றாவது வகைப் பதில், விளைவை உலகத்தின் பொறுப்பில் விடுவது. இதற்கும் பழைய வேர் உண்டு. அலைன்மென்ட் விதிகளை எழுதிய அதே கைகாக்ஸின் கையேட்டில், கூலிக்கு வரும் துணையாட்களின் விசுவாசத்துக்கும் அட்டவணை இருந்தது. அவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். 1981இன் எளிய பதிப்பில் ஒவ்வொரு சாகசத்துக்குப் பின்னும் துணையாட்களின் மனவுறுதியைச் சோதிக்க வேண்டும். தீப்பந்தம் பிடித்து முன்னால் நடக்கவிட்டுச் சாகக்கொடுத்தால், அடுத்த முறை வர ஆள் இருக்காது. நீதிபோதனை ஏதும் இல்லாமல், வேலைக்காரன் மனிதன் என்பதை ஆட்டக்காரருக்கு உணர்த்திய விதி இது. பலர் இதை வெறும் கணக்கு வேலை என்று கடந்துபோனார்கள்.

2010இல் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் இதே பேக்கர் கடிகாரம் என்ற உத்தியைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆபத்துக்கும் ஆறு பிரிவுள்ள ஒரு வட்டம். ஒன்பது மணி வரை தடுக்கலாம். ஒன்பதைத் தாண்டினால் தடுக்க முடியாது, தாங்கத் தயாராகலாம். பன்னிரண்டில் வந்தே தீரும். ஆட்டக்காரர்கள் புறக்கணித்த பஞ்சம் அவர்கள் பார்க்காதபோதும் நகர்கிறது. செய்யாமல் விட்டதற்கும் விளைவு உண்டென்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) ஒரு திருட்டுக் கும்பலின் கதை. அங்கே எல்லோருமே சட்டத்துக்குப் புறம்பானவர்கள். நல்லவர்களா என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் போலீஸ் கவனம் ‘ஹீட்’ என்ற அளவாக ஏறும். கொலை நடந்திருந்தால் கூடுதலாக இரண்டு. ஒன்பது நிரம்பினால் தேடப்படும் நிலை ஒரு படி உயரும். அதை இறக்க யாராவது ஒருவர் சிறைக்குப் போயாக வேண்டும். கதை நடக்கும் டோஸ்க்வோல் நகரில் யாராவது செத்தால் தகனக் கூடத்து மணி தானாக ஒலிக்கும், காகங்கள் பிணத்தைத் தேடிப் பறக்கும். பிணம் எரிக்கப்படாவிட்டால் ஆவி எழும். கொலையை மறைக்க முடியாத ஊரைக் கட்டிவைத்துவிட்டார் ஹார்ப்பர். அதற்கப்புறம் கொல்லாதே என்று அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இத்தனை வடிவமைப்பாளர்களின் உழைப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆட்டத்தை நடத்துபவருக்குப் பயன்படும் சில விஷயங்கள் தெளிவாகின்றன. நான் நடத்தும் மேசையில் உபயோகப்பட்டவற்றைச் சொல்கிறேன்.

தெரியாமல் செய்ததற்கு விளைவு வரலாம், பழி வரக்கூடாது. ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டுதான் கற்பனை செய்கிறார். கேம் மாஸ்டர் சொல்லாத எதையும் அவரால் பார்க்க முடியாது. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியதை ஆட்டக்காரரிடம் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு நீ கொன்றது நிரபராதியை என்று அறிவிப்பது ஏமாற்று வேலை. “இந்தக் காவலன் ஆயுதத்தைக் கீழே போட்டுட்டான், கை நடுங்குது. இப்பவும் குத்துறியா?” என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்வியால் அதிர்ச்சி குறையுமே என்று சிலர் தயங்குவார்கள். குறைவதில்லை. தெரிந்து செய்த செயல்தான் பின்னால் உறுத்தும்.

ஓர் உதாரணத்தை விரித்துப் பார்ப்போம். வழிப்பறிக் கூட்டத்தில் ஒருவனைச் சாகசக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பதினேழு வயதுப் பையன். கூட்டத்தின் மறைவிடத்தைச் சொல்லிவிட்டான். அவனை விட்டால் போய்த் தலைவனிடம் சொல்லிவிடலாம். கூட்டிக்கொண்டு போவது தொல்லை. ஒரு பாத்திரம் கத்தியை எடுத்துக் கழுத்தை அறுத்துவிடுகிறது. மற்றவர்கள் தடுக்கவில்லை. சோம்பலான கேம் மாஸ்டர் அடுத்த காட்சியிலேயே இருபது காவலர்களை அனுப்புவார். காட்டில் யார் பார்த்தது, எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை இருக்காது. ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிடும்: இது உலகம் செய்தது இல்லை, இவர் செய்தது. மாறாக, பையன் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு ஒரு பெயர் இருக்கும். அருகில் ஏதோ ஓர் ஊரில் அம்மா இருப்பாள். மூன்று அமர்வுகள் கழித்து, காயம்பட்டுத் தங்க இடம் தேடி வரும் சாகசக்காரர்களுக்கு ஒரு பெண் கஞ்சி காய்ச்சித் தருகிறாள். காசு வேண்டாம் என்கிறாள். காட்டுப் பக்கம் போனால் என் பையனைப் பார்த்தீர்களா என்று விசாரியுங்கள், இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்கிறாள். அவ்வளவுதான். அவள் பழிவாங்கப் போவதில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா, எழுந்து போய்விடுவதா என்ற அடுத்த தேர்வு ஆட்டக்காரர்கள் கையில். நல்ல விளைவு கதவை மூடுவதில்லை, இன்னொரு தேர்வைக் கொண்டுவந்து வைக்கிறது.

நல்ல செயலுக்கும் இதே மதிப்பைக் கொடுக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலான மேசைகள் சறுக்குகின்றன. இரக்கப்பட்டு விட்டவன் ஒவ்வொருவனும் முதுகில் குத்த வந்தால், பத்தாவது கைதியை ஆட்டக்காரர்கள் யோசிக்காமல் கொல்வார்கள். அவர்களை அப்படிப் பழக்கியவர் கேம் மாஸ்டர்தான். விடுவிக்கப்பட்ட கோப்ளின் ஒருநாள் எச்சரிக்கை சொல்ல வரட்டும். ஒருமுறை துரோகமும் செய்யட்டும். அறம் எப்போதும் லாபம் தரும் என்ற உலகமும் பொய், எப்போதும் நட்டம் தரும் என்ற உலகமும் பொய்.

ஆட்டம் எதற்குக் கூலி தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆரம்பகால டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. அதனால் சண்டையைத் தவிர்த்துக் காசை மட்டும் தூக்கிவருவது புத்திசாலித்தனம். பிற்காலப் பதிப்புகளில் எதிரியை வீழ்த்துவதே முதன்மையான கணக்கானது. சரணடைந்தவனை வெட்டத் தயங்கியவர் இளைத்தவர் ஆனார். கொலைக்குப் புள்ளி கொடுத்துவிட்டு, ஏன் கொன்றாய் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

இன்னொன்று, பாத்திரத்துக்கு வரும் விளைவும் ஆட்டக்காரருக்கு வரும் விளைவும் வேறுவேறு. பாத்திரத்தின் குற்றவுணர்வு ஆட்டக்காரரின் நெஞ்சில் கசிவதை எமிலி கேர் பாஸ் ‘பிளீட்’ என்று பெயரிட்டுப் பேசினார். அந்தக் கசிவுக்காகவே இந்த ஆட்டங்களை ஆடுபவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். ஆனால் அதற்குச் சம்மதம் வேண்டும். எதைக் காட்டவே கூடாது, எதைத் திரைக்குப் பின்னால் மட்டும் வைக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2003இல் எழுதினார். மேசை நடுவே வைத்த ஓர் அட்டையைத் தொட்டால் காட்சியைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிட வேண்டும் என்ற எக்ஸ் கார்டு முறையை ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் 2013இல் கொண்டுவந்தார். இவை ஆட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்ற புகார் இன்றும் உண்டு. எனக்குக் கிடைத்த அனுபவம் நேரெதிர். எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்த குழுதான் துணிந்து ஆழத்துக்குப் போகிறது.

சக ஆட்டக்காரர்களையே துன்புறுத்திவிட்டு “என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்” என்று கைகழுவுபவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவராவது உண்டு. அவரைக் கதைக்குள் மின்னல் அடித்துத் திருத்த முடியாது. அது மேசையில் இருக்கும் மனிதர்களுக்கு இடையிலான பிரச்சினை. மனிதர்களாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அந்தக் குகைக்குழந்தைகளின் விஷயத்தில் என் தீர்ப்பு இதுதான். ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்போது கேம் மாஸ்டர் சரி, தவறு எதையும் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகள் எத்தனை, எந்த வயது, எது அழுகிறது, எது முறைக்கிறது என்று சொன்னால் போதும். அவர்கள் முடிவெடுக்கட்டும். பிறகு அந்த முடிவை மறக்காமல் இருப்பதுதான் அவர் வேலை.

ஆட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அமர்வு முடிந்ததும், அன்று பாத்திரங்கள் செய்தவற்றால் வாழ்க்கை மாறிப்போன மூன்று பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்த ஆள் இப்போது என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த அமர்வைத் தயாரிக்கும்போது முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.